வேட்டி பிடித்தவன்

தங்கை மகனுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் கூப்பிட்டான். "மாமா, பாப்பாவை நல்லா படம் எடுக்கணும். ஒரு கேமரா பாத்து வச்சிருக்கேன். லென்ஸோட ஒன்றரை லட்சம் ஆகுது, வாங்கலாமா?" பிரசவத்துக்கே அவ்வளவு ஆகியிருக்காது. அதைச் சொல்லவில்லை. "பாப்பாவை எந்த ஜன்னல் பக்கம் படுக்க வைக்கிறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மாமாவுக்குக் காது சரியில்லை என்று நினைத்திருப்பான்.

போனை வைத்த பிறகு பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினேன். உள்ளே சித்தப்பாவின் ஆக்ஃபா க்ளிக் 3. பரோடாவில் செய்தது. சோப்பு டப்பாவுக்கு மூக்கு முளைத்தது போல இருக்கும். தூரம் சரிசெய்ய வழியில்லை. வேகம் மாற்ற வழியில்லை. மூக்கோரம் தள்ளுகிற விசை ஒன்று உண்டு. இந்தப் பக்கம் தள்ளினால் சூரியன், அந்தப் பக்கம் தள்ளினால் மேகம். படம் எடுக்குமுன் சித்தப்பா வாசலுக்கு வந்து, விதைப்புக்கு நாள் பார்க்கிறவர் போல வானத்தை அண்ணாந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விசையில் கை வைப்பார். இன்றைய கேமராக்களில் நூறு பொத்தான் இருக்கிறது. ஒன்றுகூட ஒருவனை வானம் பார்க்க வைப்பதில்லை.

உதகையில் செய்த 'இந்து' ஃபிலிம் போடுவார். 1960-ல் ஆரம்பித்த அரசுக் கம்பெனியின் சரக்கு. அது இப்போது ஓய்ந்துவிட்டது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆடி வரைக்கும் தாங்கும். ஒரு படம் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதற்கு வீட்டில் சம்பந்தம் பேசுகிற அளவுக்கு விவாதம் நடக்கும். ஒருமுறை ஃபிலிமைச் சுற்ற மறந்துவிட்டார். அத்தை தலைமேல் கிடாய் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அத்தை இரண்டு மாதம் அவரிடம் பேசவில்லை.

அந்தக் கேமராவுக்குப் பத்தடிக்கு உள்ளே எதுவும் தெளிவாகத் தெரியாது. அதனால் சித்தப்பா ஆளிடமிருந்து நாலு எட்டு பின்னால் எண்ணி வைப்பார். அது எத்தனை பெரிய புண்ணியம் என்பது எனக்கு இந்த போன்கள் வந்த பிறகுதான் விளங்கியது. முகத்துக்கு ஒரு முழம் தள்ளி போனைப் பிடித்து எடுக்கிறார்கள். மூக்கு முந்திக்கொண்டு வருகிறது, காது எங்கோ அடுத்த தெருவில் நிற்கிறது. கோளாறு கருவியில் இல்லை. கிட்டத்தில் நின்று பார்த்தால் கிட்ட இருப்பது பெரிதாகத்தான் தெரியும். பின்னால் போக வேண்டும். போய் நின்று எடுத்துவிட்டு, வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். டவுனில் ஸ்டூடியோக்காரர் எங்களுக்கு அப்படித்தான் வெட்டித் தந்தார்.

1979 மாசியில் அப்பத்தாவுக்குக் கடுமையான காய்ச்சல். பிழைத்து எழுந்தாள். அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒன்று உறைத்தது, அவளுக்குப் படமே கிடையாது என்று. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பங்குனியில் ஒரு காலை நேரம் சித்தப்பா அவளைத் திண்ணையில் தூணோரம் உட்காரவைத்தார். "ரேஷன் கார்டுக்கு போட்டோ ஒட்டணுமாம் ஆத்தா." அப்பத்தா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "எந்தக் கார்டுக்குன்னு எனக்குத் தெரியும்டா. எடு."

நாலு எட்டு பின்னால் போய்க் குனிந்து பார்த்த சித்தப்பா நிமிர்ந்துவிட்டார். திண்ணை நிழலில் அவளுடைய கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. காய்ச்சல் சதையைத் தின்றிருந்தது. வெயிலில் உட்காரவைத்தால் கண்ணைச் சுருக்குவாள். நிழலில் வைத்தால் கண்ணே இல்லை. கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேரே உள்ளே போனார். தாத்தாவுக்கு இருந்தது இரண்டு எட்டு முழ வேட்டி. ஒன்று வண்ணானிடம். மற்றது இடுப்பில். என்ன பேசி வாங்கினாரோ, வேட்டியோடு வெளியே வந்தார். தாத்தா துண்டோடு கதவுக்குப் பின்னால் நின்றார்.

என்னையும் பெரியப்பா மகனையும் தெருவில் வெயிலுக்குள் நிறுத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னார். "சாய். இன்னும் சாய். அய்யோ, அந்தப் பக்கம் இல்லடா." அன்று பார்த்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். வேட்டியில் பட்ட வெயில் வெள்ளைப் பூனை மாதிரி திண்ணையில் ஏறியது. முதலில் அவள் கால் மெட்டி. பிறகு முழங்கால். சேலை மடிப்பு. கையில் பச்சை குத்திய தேள். தாடை. கடைசியில் அந்த இரண்டு குழிக்குள்ளும் இறங்கி, உள்ளே இருந்த கண்ணை எழுப்பியது. காய்ச்சலுக்கு முந்தைய அப்பத்தா அங்கே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கை கடுத்தது. "சித்தப்பா, இன்னும் எம்புட்டு நேரம்?" அவர் பதில் சொல்லவில்லை; விசையை மேகத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எத்தனையோ வருஷம் கழித்து, ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவைப் பற்றிப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ', 1956. காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். முற்றத்து வெளிச்சம் வானத்திலிருந்து பொதுவாக இறங்குவது, நிழல் விழாதது. விளக்கை நேராக அடித்தால் வராது. மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்குகளைத் துணியை நோக்கித் திருப்பி, திரும்பி வந்த வெளிச்சத்தில் எடுத்தார். உலகம் அதை ஒளிப்பதிவின் பெரிய திருப்பம் என்கிறது. எங்கள் ஊரில் அதற்காக ஒருவர் துண்டோடு நின்றார் என்பதை உலகம் அறியாது.

துணிக்கு ஒரு மித்ரா என்றால், கோழிக்கூண்டுக்கு ஜூலியா மார்கரெட் கேமரன். (பெயர் அப்படி அமைந்தது தற்செயல்தான்.) கல்கத்தாவில் பிறந்த அம்மாள். 1863-ல், நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது ஒன்றும் மலிவுச் சாமான் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றதெல்லாம் வீட்டில் கிடந்தது. கரி போட்டுவைக்கும் அறை இருட்டறை ஆனது. கண்ணாடி பதித்த கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆனது. கோழிகளுக்கு விடுதலை கொடுத்துவிட்டதாகவும், அவற்றை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாகவும் அந்த அம்மாள் எழுதிவைத்திருக்கிறார். அந்த 'நம்புவதாக' என்ற சொல் என்னை இன்னும் விடவில்லை. குஞ்சுகளை எண்ணிப் பார்த்தாரா? சமையல்காரரைக் கேட்டாரா? முட்டையும் கோழியும் போய், அந்தக் கூண்டில் கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின் போன்ற பெருமக்களின் முகங்கள் வந்துவிட்டன. பிறகு கோழி எங்கே போனால் என்ன என்று விட்டிருப்பார். படம் கலங்கியிருக்கிறது, துல்லியம் போதாது என்று அந்தக் காலத்து விற்பன்னர்கள் திட்டினார்கள். அவர்கள் எடுத்த துல்லியமான படங்கள் எங்கே என்று தேடத்தான் வேண்டும்.

கேமரன் 1875-ல் கணவரோடு இலங்கைக்குப் போனார், அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-ல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அங்கே எடுத்த படங்களில் தோட்டத்து ஆட்களும் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். கண்டிச்சீமைக்குக் கூலிக்குப் போனவர்களில் மதுரை, திருச்சிப் பக்கத்துச் சனம் நிறைய. அந்த முகங்களில் ஒன்று எங்கள் ஊர் முகமாக இருக்கலாம். டென்னிசனுக்குப் பெயர் போட்டார். இவர்களுக்குப் பெரும்பாலும் போடவில்லை. வெளிச்சம் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒன்றுபோல விழுந்திருக்கிறது.

லென்ஸே இல்லாத கேமராவையும் நான் பார்த்திருக்கிறேன். 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். வேப்பமரத்தடியில் சிமெண்டுத் தரை முழுக்க வளையல் வளையலாக வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. இலைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு சந்தும் ஒரு சூரியனைப் படம் பிடித்துத் தரையில் போட்டிருந்தது. மற்ற நாளிலும் அது அந்த வேலையைத்தான் செய்கிறது. அன்றைக்கு வளையமாக விழுவது என்றைக்கும் வட்டமாக விழுகிறது. நாம்தான் நிழல் என்று மிதித்துப் போகிறோம். என் மனைவி சமையலறையிலிருந்து ஜல்லிக்கரண்டியை எடுத்துவந்து தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். தரையில் வரிசை வரிசையாக மோதிரம். நானூறு ரூபாய் கண்ணாடி வாங்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கழற்றிவிட்டு வந்து எங்கள் தரையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் பாப்பாவோடு வந்தான். அவனுடைய பழைய போனை வாங்கி, லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தேன். பாதிக் கோளாறு அந்த எண்ணெய்ப் பிசுக்குதான். கிழக்கு ஜன்னலோரம் பாயை விரித்தோம். பாப்பாவுக்கு ஜன்னல் பக்கக் கன்னம் பளிச்சென்று இருந்தது, மறு கன்னம் இருட்டு. பீரோவிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்து, இருட்டுப் பக்கம் பிடிக்கச் சொன்னேன். ஏழெட்டுப் படம் எடுப்பதற்குள், "மாமா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றான்.

பிறகு அப்பத்தாவின் படத்தைக் காட்டினேன். கூடத்தில் மாலையோடு தொங்குகிற பெரிய படம் இல்லை. தகரப்பெட்டியில் இருந்த இரண்டே கால் அங்குலச் சதுரம், வெட்டுவதற்கு முன்னால் போட்டது. பெரிய படத்தில் அப்பத்தா யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருக்கும். வருகிறவர்களெல்லாம் சாமியைப் பார்க்கிறாள் என்பார்கள். சின்னப் படத்தில் பதில் இருக்கிறது. ஓரத்தில் வேட்டியின் கரையும் அதைப் பற்றிய ஒரு கட்டைவிரலும் தெரிகின்றன. அவள் பின்னால், கதவிடுக்கில், துண்டு கட்டிய ஒரு முழங்கால்.

சித்தப்பா அழுத்திய அதே நொடியில்தான் அவள் கேட்டாள்: "அது உங்க தாத்தா வேட்டியில்ல? அப்ப அந்த மனுசன் எதைக் கட்டியிருக்காரு?"

தாத்தாதான் முந்திக்கொண்டார். அவள் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள்.

மருமகன் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "மாமா, இது யாரோட விரல்?" என்றான்.