உரக்க வாசி

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு நடுவில் எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் தினத்தந்தியைக் கடையில் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. நாலாம் வகுப்பில் அது என் தலையில் வந்து விழுந்தது.

பெரியவர்களில் பலருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய அந்தப் பேப்பர் அவர்களை நினைத்தே எழுதியதுபோல் இருக்கும். சின்னச் சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிற தமிழ். என் கண் முதலில் கன்னித்தீவு படக்கதைக்குத்தான் போகும். விட மாட்டார்கள்.

“ஏலே, படத்தப் பெறகு பாரு. மொதப் பக்கத்த வாசி.”

வகுப்பில் வாய் திறக்கவே கூசுகிற பையன் நான். இங்கே தடுமாறினால் யாரும் சிரிப்பதில்லை. அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொருக்கா வாசிய்யா ராசா” என்றாள். மறுபடி வாசித்தபோது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்தது. “நம்ம வாத்தியாரு வந்துட்டான்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பின்னாளில் நான் வாத்தியாரே ஆனேன். அந்த ஆசையை எனக்குள் ஊன்றியது அவர்கள்தான்.

அதே கடை இன்னொன்றையும் ஊன்றியது. காலனிக்காரர்களுக்கு பெஞ்சு கிடையாது. எதிரே வேப்பமரத்தடியில் குத்தவைத்திருப்பார்கள். கூரை இறவாணத்தில் அவர்களுக்கென்று தனி கிளாஸ்கள் செருகியிருக்கும். அவர்களே எடுத்து நீட்ட வேண்டும். கிளாஸில் பட்டுவிடாமல் மாஸ்டர் டீயை உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்ததும் அவர்களே கழுவி, இருந்த இடத்தில் செருக வேண்டும். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அந்த இறவாணத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

மரத்தடியிலிருந்து என் தாத்தா வயதுக்காரர் ஒருவர், “கொஞ்சம் சத்தமா வாசிங்க சாமி” என்பார். அவருக்கு நான் சாமி. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கோ அவர் ‘வா, போ’. இப்படிப் பேசு என்று யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பெஞ்சு கிடந்த இடமும் கிளாஸ் செருகியிருந்த இடமுமே போதுமாயிருந்தன.

1982 ஜூலையில் சத்துணவு வந்தது. எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் சாப்பாட்டு வரிசையை அட்டெண்டன்ஸ் வரிசைப்படி வைத்தார். எனக்கு அடுத்த பெயர் அந்தப் பெரியவரின் பேரனுடையது. வீடுகளில் முணுமுணுத்தார்கள், அவர் மாற்றவில்லை. நாளாவட்டத்தில் நானும் அவனும் ஒருவன் தட்டிலிருந்து ஒருவன் பருப்பை அள்ளிக்கொள்கிற அளவுக்குக் கூட்டாளிகள் ஆனோம். பேச்சுக்குப் பேச்சு “எங்க தாத்தா, எங்க தாத்தா” என்பான். ஓயாமல் கேட்டுக் கேட்டு அவர் எனக்கும் தாத்தா ஆகிவிட்டார்.

ஒருநாள் காலையில் அவர் வழக்கம்போலக் கேட்க, “இந்தா வாசிக்கேன் தாத்தா” என்று சொல்லிவிட்டேன். பெஞ்சில் பேச்சு நின்றது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மரத்தடியில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மேற்கொண்டு வாசித்தேன். சாயங்காலத்துக்குள் விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா ஏசினாள். அய்யா மட்டும், “வயசுல மூத்தவரத் தாத்தான்னு சொன்னா என்ன கொறஞ்சிபோச்சி?” என்றார். அவர் அப்படிப் பேசியதை அன்றுதான் முதலில் கேட்டேன். கடையில் உடனே எதுவும் மாறிவிடவில்லை. இறவாணத்துக் கிளாஸ்கள் மறைய இன்னும் பல வருஷங்கள் ஆயின.

இன்றைக்கு நான் யார் என்று கேட்டால், தானாக முளைத்தவன் என்று சொல்ல மாட்டேன். காது கொடுத்தவர்கள் எனக்குக் குரலைத் தந்தார்கள். எட்ட உட்காரவைக்கப்பட்டவர்களைக் காட்டி, நீ மேலானவன் என்ற நினைப்பையும் ஊர் தந்தது. அந்த நினைப்பு நல்ல புத்திமதி கேட்டுக் கரையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்தான் கரைந்தது. அதனால்தான் என் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைப் பிள்ளைகளிடம் விடுவதில்லை. விட்டால் ஊர் போட்ட வரிசையிலேயே உட்காருவார்கள்.