மலையின் வடிவம் சாட்சி சொல்லாது

தூத்துக்குடியை விட்டுத் திருச்செந்தூர் சாலையில் இறங்கினால், முள்ளக்காடு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்தான். பாத்திகளின் ஓரத்தில் வெள்ளை அம்பாரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் சில, எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சரிந்து எகிப்தின் பிரமிடுகளை நினைவுபடுத்துகின்றன. வண்டியை நிறுத்தி, அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாவிடம் இதை இவ்வளவு ஒழுங்காகச் சீவுவது யார் என்று கேட்டேன்.

“யாரும் சீவ வேண்டாம் அண்ணாச்சி. உச்சியில கொட்டக் கொட்ட, அதுவாச் சரிஞ்சு நின்னுக்கிடும்.”

பிரமிடு வடிவக் குன்றுகளெல்லாம் பண்டைய மனிதர் கட்டியவையா என்று உலகெங்கும் நடக்கும் வாதத்துக்கு, அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. உப்பு, மணல், சரளை என எதைக் குவித்தாலும் அதன் பருக்கைகள் உருண்டு, ஏறக்குறைய 30 முதல் 35 பாகைச் சரிவில் நிலைகொள்ளும். குஃபு மன்னனின் பிரமிடு கிட்டத்தட்ட 52 பாகை. வெறும் குவியலால் அந்தச் சரிவை எட்ட முடியாது. கல்லை வெட்டி அடுக்கித்தான் ஆக வேண்டும். பாறைக் குன்றுகளின் கதை வேறு. அடுக்குப் பாறை மேலெழுந்து விரிசல் விட்டு, மழையும் காற்றும் பக்கங்களை அரித்தால், மனிதக் கை படாமலே கூர்முனையும் தட்டையான முகங்களும் அமைந்துவிடும்.

போஸ்னியாவில் விசோகோ நகரின் குன்றைப் பிரமிடு என்று 2005இல் தொழிலதிபர் செமிர் ஓஸ்மனாகிச் அறிவித்தார். புவியியலாளர்கள் அங்கே கண்டது இயற்கையான படிவுப் பாறை அடுக்குகளை. ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் 2006இல் கூட்டறிக்கை விட்டு அதை மறுத்தனர். இந்தோனேசியாவின் குனுங் பாடாங் குன்றின் உச்சியில் உள்ள கற்படிகள் மனிதர் அமைத்தவையே. ஆனால் குன்றின் அடிப்பகுதியும் கி.மு. 25,000 முதல் 14,000 வரையிலான காலத்தில் மனிதர் உருவாக்கியதுதான் என்று 2023இல் வெளியான ஆய்வுக் கட்டுரையை, மறு ஆண்டே இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. கணித்தது மண்ணின் வயதை. அந்த மண்ணில் மனிதர் வேலை செய்த தடயமே இல்லை. இதற்கு நேர்மாறானது மெக்சிகோவின் சோலுலா. புல் மூடி, உச்சியில் தேவாலயம் நிற்கும் அந்தக் குன்று உண்மையிலேயே சுடாத மண்கல்லால் எழுப்பிய மாபெரும் பிரமிடு.

மீண்டும் என் பயணத்துக்கு வருகிறேன். பழையகாயல் தாண்டி உள்ளே திரும்பினால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட, இன்று ஊரைச் சுற்றி வயலும் வாழையும். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது.

ஏரல், ஸ்ரீவைகுண்டம் வழியாக ஆதிச்சநல்லூர் பரம்புக்குப் போய்ச் சேர்ந்தேன். 114 ஏக்கர். முள்ளும் சரளையுமாகத் தாழ்ந்து கிடக்கும் மேடு. அதற்குக் கூம்பும் இல்லை, அழகான சரிவும் இல்லை. கடந்துபோகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகர் இங்கே தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலக் கலங்களையும் இரும்பு ஆயுதங்களையும் எடுத்தார். 2004-05இல் மீண்டும் நடந்த அகழாய்வில், இறந்தோரைப் புதைத்த 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன.

அகழ்ந்த குழியைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். மேலே சரளை, கீழே சிதைந்த குவார்ட்ஸ் பாறை. தாழியின் வயிற்றுக்கு அளவாகப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே பாறையையே சுவராக விட்டிருக்கிறார்கள். மனிதர் வேலை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்தக் கடற்கரையில் மனிதர் குவித்த உப்புக்கு வடிவம் தந்தது புவியீர்ப்பு. இயற்கை எழுப்பிய மேட்டுக்குள் குழி குடைந்து தாழி வைத்தவர் மனிதர். எனவே குன்றைத் தொலைவில் நின்று பார்த்து வியப்பதோடு நிறுத்தக் கூடாது. அதன் மண் அடுக்கைப் பார்க்க வேண்டும், வெட்டுத்தடம் தேட வேண்டும், பானை ஓடும் கரியும் எந்த அடுக்கில் கிடக்கின்றன என்று கேட்க வேண்டும். கற்பனைப் பிரமிடுகளுக்குச் செலவிடும் ஆர்வத்தில் ஒரு பங்கை நம் ஊர் மேடுகளுக்குக் கொடுத்தால் போதும்.

சரளைக்காக ஒரு மேட்டை இயந்திரம் கரைத்துவிட்டால், அதன் அடுக்குகளை எந்த அறிஞராலும் மறுபடி அடுக்க முடியாது. உங்கள் ஊர் மேட்டில் கருப்பு சிவப்புப் பானை ஓடு தென்பட்டால் அதை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படம் எடுத்து, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.