நானும் கமிஷன் வாங்கினேன்

2018 நவம்பரில் பெருங்களத்தூரில் ஒரு ஃபிளாட் வாங்க 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் எடுத்தேன். கடன் வாங்கித் தந்த ஏஜென்ட்டுக்கு ஒரு சதவீதம், அதாவது 30,000 ரூபாய், ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. அதைவிடப் பெரிய தவறை அடுத்த ஆண்டு செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எட்டாம் வகுப்புக்குக் கூட்டு வட்டி நடத்துகிறவன். ஆனாலும் பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார எனக்குப் பயம். தாய்ப்பத்திரம், வில்லங்கம், சிஎம்டிஏ அப்ரூவல், லீகல் ஒப்பீனியன் என்று அவர்கள் கேட்கக் கேட்க, எனக்குத் தெரியாது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டிவருமே என்ற கூச்சம். அந்த நேரத்தில்தான் ஏஜென்ட் மதிய இடைவேளையில் பள்ளி வாசலுக்கே வந்தார். “சார், நீங்க எதுக்கு லீவு போட்டு அலையணும்? எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. தடியான ஒரு கட்டு. நான் கையெழுத்திட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். அவர் பக்கத்தைத் திருப்ப, நான் குறியைத் தேடிக் கையெழுத்திட்டேன். குறிக்கு மேலே அச்சாகியிருந்ததில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மாணவன் விடையைப் பார்த்து எழுதினால் கண்டிக்கிறவன் நான்.

அவர் கூட்டிப்போனது வங்கிக்கு அல்ல, ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்துக்கு. வட்டி 9.25 சதவீதம். என் சம்பளம் வரவு வைக்கப்படும் வங்கிக்கிளையில் அப்போது 8.75 சதவீதத்துக்கே கிடைத்திருக்கும். அரை சதவீதம்தானே என்று தோன்றும். 20 வருடக் கடனில் அது மாதம் 965 ரூபாய், மொத்தம் 2,31,600 ரூபாய். அது போதாதென்று, 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிய வீட்டுக்கடன்களின் மிதவை வட்டியை ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியபோதும் என் தவணை அசையவில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 2019-இல் எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் ஊரப்பாக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டிருந்தார். “சார், லோனுக்கு யாரைப் பாக்கலாம்?” என்று என்னிடம் வந்தார். யோசிக்காமல் அதே ஏஜென்ட்டின் நம்பரைக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து என் போனில் 5,000 ரூபாய் வந்து விழுந்தது. “நீங்க அனுப்பிவெச்ச சாருக்கு முடிஞ்சுது” என்று ஏஜென்ட் சொன்னார். நான் திருப்பி அனுப்பவில்லை. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினேன். போனஸ் பணம் என்று மனைவியிடம் பொய் சொன்னேன்.

2021-இல் ஸ்டாஃப் ரூமில் வட்டி பற்றிப் பேச்சு வந்தது. வேறோர் ஆசிரியர் தன் தவணை குறைந்ததைச் சொன்னார். நானும் அந்தத் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மாலை 5,000 ரூபாயை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க சொன்னதாலதான் சார் நான் எதுவும் கேக்கல” என்றார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு இருவருமே கடனை வங்கிக்கு மாற்றினோம். மிதவை வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. ஆனால் லீகல் ஒப்பீனியன், எம்ஓடி என்கிற அடமானப் பதிவு எல்லாவற்றுக்கும் இரண்டாம் முறை செலவானது. முதல் தடவை நான் பயந்து ஒதுங்கிய வேலைகளை இந்த முறை நானே செய்தேன். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்த்தேன். கடன் மதிப்பெண் அறிக்கையும் வருடத்துக்கு ஒருமுறை இலவசம். மொத்தம் மூன்று நாள் லீவு. நான் 30,000 ரூபாய் கொடுத்துத் தப்பித்துக்கொண்டது இந்த மூன்று நாளிலிருந்துதான்.

ஏஜென்ட் கட்டணமே வீண் என்று சொல்ல மாட்டேன். வாரிசுச் சிக்கல் உள்ள சொத்து, வருமானச் சான்று காட்ட முடியாத சிறு வியாபாரி, வெளிநாட்டில் இருந்துகொண்டு வாங்குகிறவர் போன்றவர்களுக்காக நிஜமாகவே ஓடியாடி உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கூலி நியாயம். ஆனால் மாதச் சம்பளமும் தெளிவான பத்திரமும் உள்ளவருக்கு அது தேவையில்லை. கடன் கொடுக்கும் இடமே ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கிறது. அமெரிக்காவில் ஒரே கடனுக்கு இரு பக்கமும் தரகர் காசு வாங்கக் கூடாது என்று 2011-இலேயே விதி வந்துவிட்டது.

ஆகவே ஏஜென்ட்டிடம் முதலில் கேளுங்கள்: “உங்களுக்கு அவங்க எவ்வளவு தர்றாங்க?” சம்பளக் கணக்குள்ள வங்கியில் வட்டி விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். கொடுப்பதானால் கடன் கைக்கு வந்த பிறகு, வங்கி வழியாக, ரசீதோடு கொடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வட்டியும் எல்லாக் கட்டணங்களும் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை, உங்களுக்குப் புரிகிற மொழியில், கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும். அதைத் தமிழிலேயே கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

யாராவது உங்களிடம் ஏஜென்ட் நம்பர் கேட்டால், உங்களுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை.