கிணத்துல ஓடணும்

அப்பாவுக்குக் கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. சுத்துப்பட்டுக் கரிசல் ஊர்களில் இருந்து எரிந்துபோன பம்பு செட்டு மோட்டார்களை டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு வருவார்கள். அப்பா கருகின கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கடை வாசலிலேயே ஓட்டிக் காட்டுவார். மோட்டார் கும்மென்று ஓடும். சம்சாரி சந்தோஷமாகப் பணத்தை எடுப்பார். அப்பா பாதிதான் வாங்குவார். "கடையில ஓடுறது ஓட்டமில்லய்யா. கிணத்துல ஓடணும்" என்பார்.

கடைக்கு வருகிற கரண்ட் வேறு, காட்டுக்கு வருகிற கரண்ட் வேறு. டிரான்ஸ்பார்மரில் இருந்து கடைசியாக இருக்கிற கிணற்றில் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும். மூன்று பேஸில் ஒன்று வராமல் இருக்கும். கடையில் நன்றாக ஓடின அதே மோட்டார் அங்கே உறுமிக்கொண்டே சூடாகி, மறுபடி கருகும். அதனால் அப்பா மறுநாள் டெஸ்டரை எடுத்துக்கொண்டு காட்டுக்கே போவார். வீண் அலைச்சல் என்று அம்மா திட்டுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதை நான் புரிந்துகொண்டது 2023 ஜூன் மாதம், ஓஎம்ஆரில், ஏசி குளிரில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை.

அப்போது நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருடம். எங்கள் டீமில் பில்டு சர்வரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அண்ணன். பெயர் வேண்டாம். ஏப்ரலில் ஆள் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் மேசைக்கு வந்து, "சர்வர நீ பாத்துக்க தம்பி, ஒண்ணும் பெரிய வேலை இல்ல" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் எனக்கு நடந்த டிரெய்னிங்.

பில்டு சர்வர் என்பது என்ன? ஒரு டீமில் பத்துப் பேர் அவரவர் லேப்டாப்பில் கோடு எழுதுவார்கள். ஒவ்வொருவர் எழுதியதையும் எடுத்து, முதலில் இருந்து கட்டி, டெஸ்டுகளை ஓட்டி, தேறியதா இல்லையா என்று சொல்வதற்கு யாருடைய சாய்வும் இல்லாத ஒரு மெஷின் வேண்டும். எங்களிடம் இருந்தது ஜென்கின்ஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி, ஹட்சன் என்ற பெயரில் தொடங்கியது. சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்து, 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது. அதன் சின்னம், கோட்டு போட்டு கையில் துண்டோடு நிற்கிற ஒரு வீட்டுப் பணியாள். சொன்னதைச் செய்வார். சொல்லாததைச் செய்ய மாட்டார். என் கதையே இந்த இரண்டாவது வாக்கியம்தான்.

எங்கள் ப்ராஜெக்டுகள் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய மொழி. பெரும்பாலும் பிரௌசருக்குள் ஓடிக்கொண்டிருந்ததை வெளியே, சாதாரண மெஷினில் பரவலாக ஓடவைத்தவர் ரயன் டால். குரோமில் இருக்கும் வி8 எஞ்சினை எடுத்து அவர் செய்ததுதான் நோட். 2009-இல் பெர்லினில் மேடையேறி அதைக் காட்டினார். எங்களுடையது போன்ற ஒரு வெப்சைட்டைக் கட்ட வேண்டும் என்றால் கட்டுகிற மெஷினில் நோட் இருக்க வேண்டும். எங்கள் பழைய ப்ராஜெக்ட் நோட் 14-இல் ஓடியது. புதிதாக ஆரம்பித்த ப்ராஜெக்டுக்கு 18 வேண்டும். "சர்வர்ல 18 போட்ரு" என்றார் மேனேஜர். அஞ்சு நிமிஷ வேலை என்று நானும் நினைத்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு என் லாகினில் சர்வருக்குள் போனேன். என் லேப்டாப்பில் செய்வது போலவே என்விஎம் போட்டு, அதை வைத்து 18-ஐ இறக்கினேன். வெர்ஷன் கேட்டேன். 18 என்றது. அப்புறம் சுற்றிப் பார்த்தேன். ஆப்ட் என்ற இடத்தில் அண்ணன் கையாலேயே கொண்டுவந்து வைத்த நோட் 14 ஃபோல்டர் ஒன்று கிடந்தது. பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். என்விஎம் வந்த பிறகு இது எதுக்கு, குப்பை, என்று ஃபோல்டரை அழித்தேன். டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு எல்லா பில்டும் சிவப்பு. லாகில் ஒரே வரி: என்பிஎம், நாட் ஃபவுண்ட். எக்ஸிட் கோட் 127. அன்று இரவு பழைய ப்ராஜெக்டில் ஒரு ரிலீஸ் போக வேண்டும். நான் மறுபடி உள்ளே போய் அதே கமாண்டை அடித்தேன். ஜம்மென்று ஓடியது. பில்டை அழுத்தினால் சிவப்பு. கையால் அடித்தால் ஓடுகிறது. ஏழெட்டுத் தடவை இதையே செய்திருப்பேன்.

ஐந்தரைக்கு மீட்டிங். "என்னப்பா ஆச்சு?" என்றார் மேனேஜர். என் வாயில் இருந்து வந்தது இதுதான்: "பழைய செட்டப்பே சரியில்ல சார். அவரு எல்லாத்தையும் கையால கட்டி வச்சிருக்காரு. ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு போகுது."

பொய் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அழித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மேனேஜர் நிம்மதியாகத் தலையாட்டினார். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

எட்டு மணிக்கு, வேறு வழியில்லாமல், அண்ணனுக்கே போன் செய்தேன்.

"சொல்லு தம்பி."

சொன்னேன். கையால் அடித்தால் ஓடுகிறது, பில்டில் ஓடவில்லை.

"யாரா உள்ள போயிருக்க?"

"நானாத்தான்ணே."

"நீ ஓட்டிப் பாத்தா உனக்கு ஓடும். ஜென்கின்ஸுக்கு ஓடுமா? அவரா மாறிப் பாரு."

ஜென்கின்ஸ் யூசராக மாறினேன். நான் யார் என்று கேட்டேன். ஜென்கின்ஸ் என்றது. பாத்தைக் காட்டச் சொன்னேன். பாத் என்பது, ஒரு கமாண்டைச் சொன்னால் எந்தெந்த ஃபோல்டரில் போய்த் தேட வேண்டும் என்கிற பட்டியல். அதில் நான் போட்ட 18 இல்லவே இல்லை. எப்படி இருக்கும்? என்விஎம் உட்கார்ந்திருப்பது என் ஹோமில். என் பாஷ்ஆர்சி ஃபைலில் சில வரிகள் எழுதி வைத்து, நான் உள்ளே வரும்போதெல்லாம் பாத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்கிறது. ஜென்கின்ஸுக்கு வீடு வேறு. தவிர, பில்டு ஓடும்போது மனிதர்கள் லாகின் செய்வது போல அந்த ஃபைலை அவர் படிப்பதும் இல்லை. நான் என் வீட்டில் சோற்றை வடித்து வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் ஏன் சாப்பிடவில்லை என்று நாலு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் 18-க்கே மாத்திரவாண்ணே?"

"மாத்திப் பாரு" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

18-ஐப் பொதுவான இடத்தில் வைத்து ஜென்கின்ஸின் பாத்தில் சேர்த்தேன். புது ப்ராஜெக்ட் பச்சை. பழையது மறுபடி சிவப்பு, இந்தத் தடவை ஓபன்எஸ்எஸ்எல் பற்றி ஏதோ நீளமான எர்ரர்.

"ஆப்ட்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வச்சிருந்தேனே, படிச்சியா?"

அப்போதுதான் திறந்தேன். எந்த ப்ராஜெக்டுக்கு எந்த வெர்ஷன், ஏன் என்று வரிசையாக எழுதியிருந்தார். பழைய ப்ராஜெக்ட் வெப்பேக் 4. அது எம்டி4 என்கிற பழைய ஹாஷ் முறையை நம்பியிருக்கிறது. நோட் 17-இல் இருந்து ஓபன்எஸ்எஸ்எல் 3 வருகிறது, அதில் எம்டி4 சாதாரணமாகக் கிடைக்காது. ஆகவே 14-ஐ விட்டு நகரக்கூடாது, வெப்பேக்கை மாற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். நெட்டில் இதற்கு ஒரு குறுக்குவழி கிடைக்கும், போடாதே. கடைசி வரி: சர்வருக்கென்று ஒரு வெர்ஷன் கிடையாது, ப்ராஜெக்டுக்குத்தான் வெர்ஷன்.

"அந்த 14-ஐ நான் அழிச்சிட்டேன்ணே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி விடு. நோட் சைட்ல பழசெல்லாம் கெடக்கும். திருப்பி எறக்கிக்கலாம்."

இறக்கினோம். 14-ம் 18-ம் தனித்தனி ஃபோல்டர். ஜென்கின்ஸில் டூல்ஸ் பக்கத்தில் இரண்டையும் பெயர் கொடுத்துப் பதிந்தோம். எந்த ப்ராஜெக்டுக்கு எது என்பதை அந்தந்த ப்ராஜெக்டின் பைப்லைன் ஃபைலிலேயே எழுதினோம். என்பிஎம் இன்ஸ்டால் என்று இருந்த இடத்தில் என்பிஎம் சிஐ என்று மாற்றச் சொன்னார். முன்னது பேக்கேஜ்களை இறக்கும்போது லாக் ஃபைலையே மாற்றிவிடக்கூடும். பின்னது லாக் ஃபைலில் இருப்பதை அப்படியே இறக்கும், பொருந்தவில்லை என்றால் நின்றுவிடும். பத்து நாற்பதுக்குப் பச்சை வந்தது.

போனை வைக்கும் முன்னால் கேட்டார். "தம்பி, ஆபீஸ்ல என்னப் பத்தி யாராச்சும் விசாரிச்சாங்களா?"

"ஏண்ணே?"

"ஒரு எடத்துல ஃபைனல் ரவுண்டு முடிஞ்சிருக்கு. வெரிஃபிகேஷனுக்கு மேனேஜர் நம்பர் குடுத்திருக்கேன். இந்த வாரம் கூப்புடுவாங்க. பாப்பாக்கு ஸ்கூல் ஃபீஸ் வேற கட்டணும்."

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன்.

அன்று இரவு பெருங்குடி ரூமில் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வேறு எதையோ தேடப்போய், ரயன் டால் 2018-இல் பேசிய வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அதே பெர்லின். நோட் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்த ஆள் மேடையேறி, நோட் விஷயத்தில் நான் வருந்துகிற பத்து விஷயங்கள் என்று தலைப்பு வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பாதுகாப்பைச் சரியாக யோசிக்கவில்லை. நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படி அமைத்திருக்கக்கூடாது. அவர் 2012-லேயே நோட்டின் பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தவர். நினைத்திருந்தால் பின்னால் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் செய்தது என்றுதான் சொன்னார். அதே பேச்சின் முடிவில்தான் அடுத்ததாகச் செய்துகொண்டிருந்த டீனோவை அறிமுகப்படுத்தினார்.

திங்கட்கிழமை ரூட் காஸ் ரிப்போர்ட். மேனேஜர் பாதி எழுதி அனுப்பியிருந்தார். காரணம் என்ற கட்டத்தில், முன்னாள் ஊழியரின் முறையற்ற செட்டப் என்று இருந்தது. அதை அழித்துவிட்டு எழுதினேன்: நோட் 14 இருந்த ஃபோல்டரை நான் அழித்தேன், அதை விளக்கும் ஃபைல் பக்கத்திலேயே இருந்தது, நான் படிக்கவில்லை, பழைய செட்டப் சரியாகவே இருந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "இதெல்லாம் எழுதணுமாப்பா? போனவர் தலையில போட்டா யாருக்கு நஷ்டம்?"

"அவருக்கு நஷ்டம் சார். வெரிஃபிகேஷனுக்கு உங்களத்தான் கூப்புடுவாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார். "வச்சிட்டுப் போ" என்றார். ரிப்போர்ட் நான் எழுதியபடியே போனது. அந்த வருட அப்ரைசலில் எனக்குக் கவனம் போதாது என்று ஒரு வரி வந்தது. நியாயமான வரிதான்.

அண்ணனுக்கு செப்டம்பரில் வேலை கிடைத்தது. ஆனால் அது வேறு கம்பெனி. ஜூனில் ஃபைனல் ரவுண்டு முடிந்த அந்த இடம் என்ன ஆனது, மேனேஜருக்கு போன் வந்தது வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கும் திங்கட்கிழமை ரிப்போர்ட்டுக்கும் நடுவிலா, அல்லது வரவே இல்லையா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா ரிப்பேர் செய்த மோட்டார் கிணற்றில் கருகிப்போனால், சில சமயம் ஈபி லைன் மேல்தான் தப்பு இருக்கும். அப்போதும் அவர் லைனைத் திட்டிவிட்டு வந்ததில்லை. "நான் கட்டினது, நான் பாக்குறேன்" என்று மறுபடி தூக்கிவருவார்.

அண்ணன் இந்த மாதிரிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறவர். படித்தால் அவருக்குத் தெரியும். அண்ணே, அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் மீட்டிங்கில் உங்களைப் பற்றி நான் சொன்னது மேலே இருக்கிறது.