விருந்தாளி வந்தால்தான் மாமல்லபுரம்

எங்கள் வீட்டுக்கு யார் வருவதாக இருந்தாலும் பகல் பதினோரு மணிக்குள் வந்துவிடும்படி அப்பா கடிதத்திலேயே எழுதிவிடுவார். சாப்பாட்டை உத்தேசித்து இல்லை, கழுகை உத்தேசித்து. சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ரயில் ஜன்னலில் கொளவாய் ஏரி தெரிந்ததும் மூட்டை முடிச்சை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே வந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏற வேண்டும். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தில் இறங்கினதும் யாரையும் வழி கேட்காமல் மலையைப் பார்த்து நடக்க வேண்டும். இத்தனையும் ஒரு தபால் கார்டில் நுணுக்கி எழுதி, ‘கழுகு காத்திருக்காது’ என்று கீழே கோடு போட்டிருப்பார். எண்பதுகளின் தொடக்கம் அது.

மலைக்குக் கூட்டிப்போகும் வேலை என்னுடையது. ஆயாவுக்கு முட்டிவலி, அம்மாவுக்கு அடுப்படி. ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை வெளியூர்க்காரர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார்கள். நான் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி வந்து அவசரப்படுத்துவேன். உச்சிவேளை நெருங்கினால் பாறைமேல் சோறு வைப்பவர் வந்து உட்கார்ந்து கிண்ணத்தைத் தட்டுவார். கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். வானத்தில் ஒரு புள்ளி, பிறகு இன்னொன்று. இரண்டும் வட்டம் போட்டு இறங்கி, கோழி மாதிரி பாறையில் நடந்து வந்து, சர்க்கரைப் பொங்கலைக் கொத்தும்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கருடன் அளவுக்குக் கம்பீரமாக எதையோ மனசில் வைத்துக்கொண்டு ஏறியிருப்பார்கள். வந்து நிற்பதோ அழுக்கு வெள்ளை உடம்பும் மஞ்சள் மூஞ்சியுமாக ஒரு பறவை. மஞ்சள்முகப் பாறு, செத்ததைத் தின்னும் சாதி என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்களும் சொல்லவில்லை. ஆயா சொன்ன கதைதான் தெரியும்: எட்டு முனிவர்கள் சாபம் வாங்கிக் கழுகாகி, யுகத்துக்கு இரண்டு பேராக விமோசனம் பெறுகிறார்கள், கலியுகத்துக்கு மிச்சம் இந்த இரண்டு பேர், காலையில் காசியில் முழுக்கு, மதியம் இங்கே சாப்பாடு. கழுகு வராமல் போகிற நாளும் உண்டு. அன்றைக்குக் கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறார் என்பார்கள். உடனே ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை கழுகைவிட எனக்குப் பிடிக்கும்.

பம்பாய்ப் பெரியம்மா குடும்பத்தோடு வந்த கோடை நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரியம்மா மகன் என்னைவிட ஒரு வயசு மூத்தவன். அண்ணன் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். எதைக் காட்டினாலும் ‘எங்க ஊர்ல இதவிடப் பெருசு இருக்கு’ என்பான். கழுகு இறங்கியதும் கூட்டம் கும்பிட்டுக்கொண்டிருக்க, “எங்க ஊர்ல மலபார் ஹில்ல இது மாதிரி நெறைய. பார்சிக்காரங்க பொணத்த வெச்சா வந்து…” என்று ஆரம்பித்தான். பெரியம்மா வாயைப் பொத்தி, தலையில் ஒரு குட்டு வைத்தாள். சொன்னது உண்மைதான், பாவம்.

இறங்குகிற வழியில் ஒருகல் மண்டபம். பல்லவர் குடைந்தது. 17-ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் மலையேறி வந்து, அங்கே தங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் சுவரில் காதலி பெயரைக் கிறுக்குகிற பையன்களைத் திட்டும்போதெல்லாம் அந்த டச்சுக்காரர்கள் எனக்கு நினைவுக்கு வருவார்கள். முந்நூறு வருஷம் ஆனால் கிறுக்கலும் வரலாறாகிவிடுகிறது.

சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் மாமல்லபுரம் பஸ். கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் விருந்தாளி வந்தால்தான் நாங்கள் அங்கே போவோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உளிச் சத்தம் காதில் விழும். சித்தப்பா அங்கே சிற்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். 1957-இல் அரசு தொடங்கிய கல்லூரி அது. அவர் கூட வந்துவிட்டால் போச்சு, மற்றவர்கள் பார்க்கிற எதையும் பார்க்க விடமாட்டார். ஐந்து ரதத்துக்கு முன்னால் எல்லாரும் யானைப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கும்போது, எங்களைத் தருமராஜ ரதத்தின் அடித்தளத்துக்கு இழுத்துப் போவார். “அழக அப்புறம் பாக்கலாம். எங்க விட்டுட்டுப் போனான், அதப் பாரு.” மேல்தளத்துச் சிற்பங்கள் முடிந்திருக்கும், கீழ்த்தளத்தில் வேலை பாதியில் நின்றிருக்கும். பாறையை உச்சியிலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள், நிற்கிற இடமே சாரம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஆப்பு அடித்துக் கல் பிளக்கப் போட்ட குழி. அண்ணன் ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “எங்க ஊர்ல எலிபெண்டா இருக்கு” என்றான். சித்தப்பா, “இருக்கட்டும்ப்பா. அது உள்ள கொடஞ்சது. இது வெளிய செதுக்கினது. ரெண்டும் வேற தொழில்” என்றார். முதல் தடவையாக அவன் பதில் சொல்லவில்லை.

அர்ச்சுனன் தபசு முன்னால் சித்தப்பாவுக்கு வேலை இல்லை. அது பிள்ளைகளுக்கென்றே செதுக்கியது என்பது என் தீர்மானம். கங்கையா அர்ச்சுனனா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிற பூனையும், அதை நம்பிக் காலடியில் கும்பிடுகிற எலிகளும் இருக்கின்றன, அது போதும். பெரியவர்கள் வேறு யாரையோ பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் பூனைக்கே கற்பூரம் காட்டியிருப்போம். அடுத்து வெண்ணெய் உருண்டை. அதன் பாறைச் சரிவு தலைமுறை தலைமுறையாகச் சறுக்கிச் சறுக்கி வழுவழுப்பாகியிருக்கும். டிரவுசர் கிழியாமல் வீடு திரும்பிய பையன் எங்கள் உறவில் இல்லை.

கடற்கரைக் கோயிலில் எனக்குப் பிடித்தது கோயில் இல்லை, வெளியே உட்கார்ந்திருக்கும் கற்சிங்கம். அதன் நெஞ்சில் சதுரமாக ஒரு பொந்து, உள்ளே சின்னதாகத் துர்க்கை. ராஜசிம்மன் காலத்துக் கோயிலைக் கடல்காற்று அரித்து அரித்து, சிற்பங்களுக்கு மூக்கு முழி மழுங்கியிருக்கும். அதைக் காப்பாற்றத்தான் கடலோரம் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னார்.

மறுநாளும் தங்குகிற விருந்தாளிக்கு முதலைப் பண்ணை. கோவளம் போகிற வழியில் வடநெம்மேலி. நியூயார்க்கில் பிறந்து இங்கே வளர்ந்த ராமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. முதலைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவை எதுவும் செய்யாது, வாயைப் பிளந்தபடி கிடக்கும். எனக்கு வியப்பு அங்கே இருந்த பாம்புக் குழியில்தான். துணி கட்டிய பானைகளை அடுக்கி வைத்துக்கொண்டு இருளர் ஒருவர் நிற்பார். கொக்கியால் நாகத்தை வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் கடிக்க வைப்பார். மஞ்சளாக ஒரு சொட்டு இறங்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி ஊசி மருந்து தயாராகிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். 1972-இல் வன உயிரினச் சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றது. 1978-இல் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். விஷம் எடுத்த பாம்பைச் சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து வயல்களில் எலி வளை தோண்ட வருகிறவர்களும் இருளர்தான். கூலியைக் கொல்லைப்புறத்தில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படி வருகிறவர்களைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத பெரிய மனுஷர்கள், இங்கே டிக்கெட் வாங்கிச் சுவரில் சாய்ந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு அது அன்றைக்கே என்னவோ போல இருந்தது.

வேடந்தாங்கலுக்குக் கோடை விருந்தாளிக்குக் கொடுப்பினை இல்லை. கார்த்திகைக்கு மேல் வருகிறவர்களைத்தான் அப்பா கூட்டிப்போவார். ஏரிக்குள் கடம்ப மரங்கள், மரம் முழுக்க நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும், காது செவிடாகிற இரைச்சல். பாம்புத்தாரா மட்டும் சத்தமில்லாமல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1790-களிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதற்காகச் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று எழுதி வாங்கியவர்கள். பக்தி ஒன்றுமில்லை. எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும், கணக்கு அவ்வளவுதான். பாவ புண்ணியத்தைவிட இந்தக் கணக்கு உறுதியானது என்று எனக்குப் படுகிறது. பாவ புண்ணியம் பேசிய எங்கள் மலைக்குத் தொண்ணூறுகளின் இறுதியோடு கழுகு வருவது நின்றுபோயிற்று. ஊரில் பாவம் கூடிவிட்டது என்றார்கள். நாடு முழுக்கப் பாறுகள் செத்து விழுந்ததற்கு மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து முக்கியக் காரணம் என்பது பிறகு தெரிந்தது. 2006-இல் கால்நடை வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். சோறு வைத்தவருக்கோ ஆயாவுக்கோ இது தெரிய வழியில்லை.

அந்தப் பம்பாய் அண்ணன் இப்போது புளோரிடாவில் இருக்கிறான். சில வருஷம் முன்பு போயிருந்தபோது, இந்தத் தடவை விருந்தாளி நான். காலை ஆறு மணிக்கே எழுப்பி, எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போனான். தண்ணீருக்கு மேலே மரப்பலகை நடைபாதை. ஆலிகேட்டரும் முதலையும் சேர்ந்து வாழ்கிற ஒரே இடம் உலகத்தில் இதுதான் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தான். கைப்பிடிக் கம்பியில் ஒரு பாம்புத்தாரா, அமெரிக்கச் சாதி, சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. சீருடை போட்ட பூங்கா ஊழியர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளை நிற்க வைத்து, வளர்த்தவர்கள் விட்டுவிட்ட பர்மா மலைப்பாம்புகள் பெருகி முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017-இல் புளோரிடாக்காரர்கள் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். வந்த இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்பு, அதில் ஒன்று 16 அடி. 2023-இல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஊழியர் பேசி முடிக்கும்வரைகூட அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து கையைத் தூக்கினான். அந்த இரண்டு பேரும் எங்க ஊர்க்காரங்க, சின்ன வயசிலேயே அவங்க பாம்பு பிடிக்கிறதை நான் பார்த்திருக்கேன் என்று ஆங்கிலத்தில் அளந்தான். எந்த ஊர் என்று ஒரு பெண்குழந்தை கேட்டது. பம்பாய்க்காரன் கொஞ்சமும் கூசாமல், “திருக்கழுக்குன்றம்” என்றான், ‘ழு’வை அழுத்தி, இரண்டு தடவை.