எங்கள் அட்டை டாங்கி

பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, எரிமலையும் காற்றாலையும் வேண்டாம் என்று நாங்கள் நால்வரும் முடிவு செய்தோம். “டாங்கி செய்யப் போகிறோம்” என்றதும் வகுப்பே சிரித்தது. “நமக்கு ஏனடி பீரங்கி?” என்றாள் ஒருத்தி. வகுப்பாசிரியை சிஸ்டர் மட்டும், “செய்யுங்கள்; ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள்” என்றார்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது விஜயந்தா. ஆவடி அந்நாளில் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ஆம் ஆண்டு முதல் விஜயந்தா வெளிவந்தது. ஏறக்குறைய 8 மீட்டர் நீளமுள்ள அதன் உடலை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டையில் 23 சென்டிமீட்டரில் அமைத்தோம். பச்சை எனாமல் பெயிண்ட் பூசியதும் அது புதுச் சோப்புப் பெட்டி போலப் பளபளத்தது. போருக்குப் போகிற வண்டியாகத் தோன்றவேயில்லை.

அந்த வாரம் மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றோம். கடற்கரைக் கோயிலின் நந்திகளை உப்புக் காற்று அரித்து முகமெல்லாம் மழுங்கியிருந்தது. மணலில் கிடந்த நங்கூரம் ஒன்று துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. படகுகளிலோ, கை பிடித்துத் தள்ளும் இடத்தில் மட்டும் சாயம் போயிருந்தது. பழமை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி வருவதில்லை. ஒவ்வொரு தேய்மானத்திற்கும் ஒரு காரணம் உண்டு என்று அன்று கண்டுகொண்டோம்.

திரும்பி வந்ததும் வேலை தொடங்கியது. ஓர் ஓரத்தில் துருநிறம் பூசி, காய்ந்தபின் நீர் தொட்டுக் கல்லுப்பைத் தூவினோம். அதன்மேல் பஞ்சால் பச்சையை ஒற்றி, காய்ந்ததும் பழைய பல்துலக்கியால் உப்பைத் தேய்த்து உதிர்த்தோம். சாயம் பெயர்ந்து துரு தெரிவது போலவே இருந்தது! நீர்த்த கறுப்பை இடுக்குகளில் ஓடவிட்டோம். சக்கரச் சங்கிலியில் தரையைத் தொடும் இடங்களைப் பென்சில் கரியால் தேய்த்ததும் இரும்பு மின்னியது. கீழ்ப்பகுதிக்குச் சுண்ணக்கட்டித் தூள் புழுதியாயிற்று. கடைசியில், பரிசு நிச்சயம் என்று எண்ணி, பக்கவாட்டில் குண்டு துளைத்த ஓட்டை ஒன்றும், சுற்றிலும் தீப்பட்ட கருக்கலும் வரைந்தோம்.

கண்காட்சிக்கு முதல்நாள், எங்களில் ஒருத்தியின் தாத்தா பார்க்க வந்தார். அவர் படையில் பணியாற்றியவர். வெகுநேரம் பேசாமல் பார்த்தார். “ஏம்மா, இதில் எத்தனை பேர்?” என்றார். “நால்வர், தாத்தா.” “எப்படி ஏறினார்கள்? ஓரிடமும் தேயவில்லையே?” பிறகு ஓட்டையைத் தொட்டு, “இங்கே பட்டபோது உள்ளே யார் இருந்தார்கள்?” என்று கேட்டார். எங்களுக்குப் பதில் இல்லை.

அன்று மாலை நூலகத்தில் அருண் கேத்தர்பாலைப் பற்றிப் படித்தோம். 1971 டிசம்பர் 16-இல் பசந்தர் போரில், அவருடைய செஞ்சுரியன் டாங்கி தீப்பற்றியும் களத்தை விட்டு விலக மறுத்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 21. பரம் வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. எங்கள் அண்ணன்மாரின் வயது அது. நாங்கள் அழகுக்காக வரைந்த கருக்கலைப் பார்க்க எங்களுக்கே வெட்கமாயிருந்தது.

ஓட்டையைப் பச்சை பூசி மறைத்தோம். ஓட்டுநர் இறங்கும் முன்கதவின் விளிம்பிலும், மற்ற மூவர் ஏறும் கோபுரத்தின் மேலும், பூட்ஸ் காலும் உள்ளங்கையும் பட்டுத் தேய்ந்த அடையாளங்களை மெல்லிய தூரிகையால் இட்டோம்.

பரிசு எரிமலைக்கே கிடைத்தது. ஆனால் தாத்தா மறுநாளும் வந்தார். கோபுரத்தின் தேய்ந்த விளிம்பைப் பார்த்து, “இப்போது ஆள் இருக்கிறது” என்றார். அதுவே எங்களுக்குப் போதும்.