ஐந்திதழ் ரோஜா

திண்டுக்கல் பூச்சந்தையில் வைகறையிலேயே ரோஜாக்கள் வந்து குவிகின்றன. நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களின் பன்னீர் ரோஜாவும் அவற்றுள் உண்டு. நம் பங்குகளில் மாதாவின் தேருக்குச் சார்த்தும் மாலைகள் பலவும் இச்சந்தையின் கொடையே. ரோஜா என்றதும் இதழ்மேல் இதழாய்த் திரண்ட இம்மலரையே நாம் எண்ணுகிறோம். ரோஜாவின் இயற்கை வடிவமோ வேறு.

அதனைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செம்பட்டி, வத்தலக்குண்டு கடந்து பழனி மலைத்தொடரில் ஏறினால் போதும். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், கொடைக்கானலை அடுத்த சோலைக்காடுகளின் ஓரத்தில், மரங்களைப் பற்றி ஏறும் கொடியாய் ஒரு காட்டு ரோஜா வளர்கிறது. தென்னிந்திய மலைகளுக்கே உரிய இவ்வினம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தாவரங்களைத் திரட்டிய பிரெஞ்சு அறிஞர் லெஷனோவின் பெயரைத் தாங்கியுள்ளது. வெண்ணிறப் பூ, இதழ்கள் ஐந்தே. நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் கற்றையாய் விரிந்திருக்கும். இதுவும் ரோஜாவா என ஐயுறுவோர் இலையையும் முள்ளையும் நோக்கித் தெளியலாம்.

உலகின் காட்டு ரோஜாக்கள் ஏறத்தாழ அனைத்தும் ஐந்திதழ் உடையவையே. (இமயத்தில் ஓரினம் நான்கோடு நிறுத்திக்கொள்கிறது!) தோட்ட ரோஜாவின் மிகுதியான இதழ்கள் எங்கிருந்து வந்தன? அவற்றுட் பல, மகரந்தத் தாள்களாய் இருக்கவேண்டியவை, இதழாய் மாறிவிட்டன. மனிதன் அம்மாற்றத்தை விரும்பித் தேர்ந்து வளர்த்தான். மகரந்தம் குறைந்தது; தேனீக்கு வழி அடைபட்டது; பல வகைகளில் விதையும் அருகிற்று. ஆகவேதான் நம் உழவர் ரோஜாவுக்கு விதை தேடுவதில்லை. குச்சி நடுகிறார், அல்லது ஒட்டுக்கன்று வாங்குகிறார். காட்டு ரோஜாவோ காய்த்து, கனிந்து, விதையால் பெருகுகிறது. அக்கனியும் வீண் அன்று. இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சுப் பழம் கிட்டாத பிரிட்டனில், 1941 முதல் வேலியோரக் காட்டு ரோஜாக் கனிகளைத் திரட்டி, உயிர்ச்சத்து 'சி' நிறைந்த பாகு காய்ச்சிக் குழந்தைகளுக்கு ஊட்டினர்.

காட்டு ரோஜாக்களுள் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவமே பூக்கும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். சந்தைக்கு அது உதவாது. எனினும் சமவெளித் தோட்டங்களுக்கு அதன் துணை தேவை. இக்கால ரோஜாக்கள் பெரிதும் குளிர்நாடுகளுக்கென உருவானவை. நம் சித்திரை வெயிலில் வாடுகின்றன. கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பில் ஈடுபட்ட வீரராகவன்–கிரிஜா தம்பதியர், மணிப்பூர் மலைகளின் பெருங்கொடி ரோஜாவையும், கீழை இந்தியச் சதுப்பு நிலங்களின் வெள்ளை ரோஜாவையும் கலந்து, வெப்பம் தாங்கும் புதுவகைகளை உருவாக்கினர். காட்டில் அவ்வினங்கள் எஞ்சியிருந்தமையால் அன்றோ இது இயன்றது!

பழனி மலைத் தாவரங்களை ஆராய்ந்து, 1999-இல் பெருநூலாய் வெளியிட்டவர் சேசு சபைக் குரு மத்தேயு அடிகளார். அத்தாவரங்கள் பலவற்றின் உறைவிடமான சோலைகளை, அயல்நாட்டுச் சீகையும் தைலமரமும் நெருக்கிவருகின்றன. சோலையின் ஓரம் சுருங்கச் சுருங்க, நம் ரோஜாக் கொடிக்கும் இடம் குறைகிறது. விடுமுறையில் மலைக்குச் செல்லும் குடும்பத்தார் அவ்வெண்மலரைக் கண்டால், பிள்ளைகள் எட்டிப் பறிக்காதபடி பார்த்துக்கொள்வார்களாக. பறித்த பூ மாலைக்குள் உதிர்ந்துவிடும். விட்ட பூ காயாகும்.